கனத்த எண்ணெயும் மூவவத்தைத் தாக்கக்கலமும்: ஒரு தொழினுட்ப வரலாற்று நோக்கு

விஞ்ஞான, தொழினுட்ப வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. முதலிற் கோட்பாடு பிறக்கிறது. பின்னர் அதன் பிரயோகமாக இயந்திரம் உருவாகிறது. இறுதியிலே தொழிற்சாலை எழுகிறது என்னும் வரிசையில் அவர்கள் வரலாற்றை அமைத்துவிடுகின்றனர். ஆய்வுகூடத்தின் தனிமையிற் பிறந்த சிந்தனையே உலகை மாற்றுகிறது என்னும் கருத்துமுதல்வாத நோக்கு இவ்வழக்கத்தின் அடியில் உள்ளது. இதற்கு மறுதலையாக, உற்பத்தியின் தேவை அறிவைத் தானாகவே பிறப்பித்துவிடும் என்று கொள்ளும் எளிமைப்படுத்தப்பட்ட பொருள்முதல்வாதமும் நம்மிடையே இல்லாமல் இல்லை. இவ்விரு நோக்குகளும் போதாதவை என்பதைக் காட்டும் ஒரு சிறு துறையின் வரலாற்றை நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். கனத்த எண்ணெயை இலேசான எண்ணெயாக மாற்றும் பெருங்கலங்களினுள்ளே வாயு, திரவம், திண்மம் ஆகிய மூன்று அவத்தைகளும் ஒன்றாக எவ்வாறு இயங்குகின்றன என்பதே அத்துறை. இவ்வகைக் கலங்கள் 1927ஆம் ஆண்டிலேயே பேரளவில் இயங்கத் தொடங்கிவிட்டன. அவற்றினுள் நடக்கும் இயக்கத்துக்கு ஏற்கத்தக்க விளக்கமொன்று 1960களிலேதான் தோன்றியது. அவ்விளக்கமும் உண்மையான கலத்துக்கு முற்றாகப் பொருந்தவில்லை என்பது 1980களிலே வெளிப்பட்டது. இத்தாமதம் ஏன் நேர்ந்தது என்பதே எமது வினா.

கனத்த எண்ணெய் எத்தகையது என்பதை முதலிற் கூறிவிடுதல் நலம். கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலே, அதபாஸ்கா ஆற்றுப் பிரதேசத்து மணலிற் கலந்து கிடக்கும் தாரெண்ணெயை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. குளிர்ந்த நிலையில் அது வழிந்தோடாது. நிறைப்படி ஏறக்குறைய 5 சதவீதம் கந்தகமும், சிறிதளவு நைதரசனும், நிக்கல், வனேடியம் ஆகிய உலோகங்களும் அதில் அடங்கியுள்ளன. அதன் அரைப்பங்களவு, 500 பாகை செல்சியசைக் கடந்த பின்னரும் ஆவியாகாது எஞ்சும் மீதியாகும். சாதாரண மசகெண்ணெயோடு ஒப்பிடுகையில் இதிற் காபன் மிகுதி, ஐதரசன் குறைவு. ஆகவே இதனைப் பெற்றோலாகவும் டீசலாகவும் மாற்ற இரு வழிகளே உண்டு. மிகையான காபனைக் கரியாக வெளியேற்றலாம். அன்றேல் வெளியிலிருந்து ஐதரசனைச் சேர்க்கலாம். முதலாவது வழி மலிவானது, ஆயினும் எண்ணெயின் ஒரு பகுதி கரிக்குவியலாகிவிடும். நாம் பேசவிருப்பது இரண்டாவது வழியைப் பற்றியதாகும்.

ஐதரசன் வாயு, எண்ணெய் திரவம், தாக்கத்தை விரைவுபடுத்தும் ஊக்கி திண்மம். அலுமினாவின் மேல் மொலித்தனமும், அதனுடன் கோபாற்று அல்லது நிக்கலும் ஏற்றப்பட்ட சிறு குச்சித் துண்டுகளே பெரும்பாலும் ஊக்கியாகப் பயன்படுகின்றன. அவற்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றர் அளவினது. இத்துண்டுகளைக் கலத்தினுள் அசையாத படுக்கையாக நிரப்பிவிடின், எண்ணெயிலுள்ள உலோகங்களும் கரியும் அவற்றின் மேற் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடும். எனவே துண்டுகளை அசையவிடும் உபாயம் வகுக்கப்பட்டது. கீழிருந்து மேலாக எண்ணெயும் ஐதரசனும் செலுத்தப்படுகின்றன. மேலெழும் திரவம் ஊக்கித் துண்டுகளைத் தூக்கி நிறுத்துகிறது. கலத்தின் மேற்பகுதியிலுள்ள ஒரு கிண்ணத்தில் திரவம் வாங்கப்பட்டு, நடுக்குழாய் வழியாகக் கீழிறங்கி, பம்பி ஒன்றினால் மீண்டும் அடியிலிருந்து செலுத்தப்படுகிறது. இவ்வாறு சுற்றிவரும் திரவம் புதிதாக வரும் எண்ணெயைப் போலப் பன்மடங்கினது. கலத்தை நிறுத்தாமலே பழைய ஊக்கியை எடுத்துவிட்டுப் புதியதை இடவும் முடிகிறது.

இவ்வமைப்பிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் கொதித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அதனை நாம் 'கொதிபடுக்கை' என வழங்குகிறோம். உண்மையில் இங்கு எதுவும் கொதிப்பதில்லை. உலையிலிட்ட அரிசி புரள்வதைக் கண்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். ஆனால் அரிசியைப் புரட்டுவது ஆவி, இங்கே துண்டுகளைப் புரட்டுவது பம்பியின் விசையாற் செல்லும் திரவம். பெயரிலுள்ள இம்மயக்கம் சிறியதன்று. குமிழிகள்தாம் படுக்கையைத் தூக்கி நிற்கின்றன என்று எண்ணியவர்கள் பிற்காலத்திற் பெரிதும் திகைக்க நேர்ந்தது.

இக்கலத்தினுள்ளே பாய்பொருளின் இயக்கத்தை அறிவது வெறும் அறிவார்வம் பற்றிய விடயமன்று. உள்ளே வெப்பநிலை 400 பாகைக்கு மேல். அமுக்கம் வளிமண்டலத்தின் 100 முதல் 200 மடங்கு வரை. ஐதரசன் சேரும் தாக்கம் வெப்பத்தை வெளியிடுவது. திரவ ஓட்டம் தளர்ந்து படுக்கை அமர்ந்துவிடின், வெப்பம் ஓரிடத்தில் தேங்கும், எண்ணெய் கரியாகும், ஊக்கியும் கரியும் இறுகி ஒரே பாறையாகிவிடும். ஓட்டம் மிஞ்சினால் ஊக்கித் துண்டுகள் கிண்ணத்தினுள் விழுந்து பம்பியைக் கெடுக்கும். படுக்கையின் மேல்விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை அறிந்தே தீரவேண்டும். ஆனால் தடித்த உருக்குச் சுவரினூடாக எதையும் காணமுடியாது. கலத்தினூடே காமாக் கதிர்களைச் செலுத்தி, அவை எவ்வளவு மறைக்கப்படுகின்றன என்பதைக் கொண்டே படுக்கையின் மட்டம் அனுமானிக்கப்படுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜேர்மானிய இரசாயனவியலாளரான பிரெடெரிக் பேர்கியஸ் (1884-1949) உயரமுக்க ஐதரசனைக் கொண்டு நிலக்கரியையும் கனத்த எண்ணெயையும் இலேசான எண்ணெயாக்கும் முறைக்கு 1913இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆய்வுகூடத்தில் வெற்றி கண்ட அவர், மன்ஹைமுக்கு அண்மையிலுள்ள றைனாவில் அதனைத் தொழிலாக வளர்க்கும் முயற்சியிலே தமது பொருள் வளத்தையெல்லாம் இழந்தார் எனலாம். 1925இல் அவருடைய உரிமைகள் பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தின் கைக்கு மாறின. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் ஐ.ஜி. பார்பன் என்னும் ஏகபோகக் கூட்டில் இணைந்தது. மத்தியாஸ் பீயர் என்பாரின் தலைமையில், கந்தகத்தால் நஞ்சூட்டப்படாத மொலித்தன, தங்குதன ஊக்கிகள் கண்டறியப்பட்டன. 1927 ஏப்பிரிலில் லொய்னா ஆலை பழுப்பு நிலக்கரியிலிருந்து பெற்றோல் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1931ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு பேர்கியசுக்கும் கார்ல் பொஷ்சுக்கும் கூட்டாக வழங்கப்பட்டது.

லொய்னாவின் முதற்கட்டக் கலங்கள் எமது ஆய்வுக்கு முக்கியமானவை. எண்ணெயிற் குழைத்த நிலக்கரித் தூளும், ஊக்கித் தூளும், ஐதரசனும் உயர்ந்து ஒடுங்கிய உருளைகளினூடாக மேல்நோக்கிச் சென்றன. ஜேர்மானியர் இதனைச் 'சேற்று அவத்தை' என்றனர், பொருத்தமான பெயரே. இவ்வுருளைகளினுள் நடப்பது பற்றி அவர்களிடம் கோட்பாடு எதுவும் இருக்கவில்லை. ஆனால் அனுபவ அறிவு நிறைய இருந்தது. நிலக்கரியிலுள்ள கனிப்பொருட்கள் கலத்தின் அடியிற் படிந்தன. சுண்ணாம்புச் சேர்வைகள் படலம் படலமாகச் சூழ்ந்து சிறு மணிகளாக வளர்ந்தன. மீன்சினைபோற் காட்சியளித்த அவற்றுக்குத் தொழிலாளர் 'கவியார்' என்று பெயரிட்டனர். செல்வந்தரின் உணவின் பெயரைக் கலத்தின் அழுக்குக்குச் சூட்டிய எள்ளல் கவனிக்கத்தக்கது. எவ்வளவு பருமனான துணிக்கை திரவத்தோடு மேலேறும், எது அடியில் தங்கி வளரும் என்னும் வினா அம்மணிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. விடை தேடுவதற்குப் பதிலாக, அடியிலிருந்து இடையிடையே மணலை வெளியேற்றும் வழக்கமே கைக்கொள்ளப்பட்டது. ஆலை ஓடியது, அதற்கு அது போதுமாயிருந்தது.

போதுமாயிருந்தமைக்கு அரசியற் காரணம் உண்டு. உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மசகெண்ணெய் மலிந்தபோது லொய்னாவின் பெற்றோல் விலைபோகாத பண்டமாயிற்று. 1933 டிசம்பரில் நாற்சி அரசு ஐ.ஜி. பார்பனுடன் ஒப்பந்தம் செய்து, அதற்கு விலை உத்தரவாதம் அளித்தது. அதன்பின் ஐதரசனேற்ற ஆலைகள் போர் ஆயத்தத்தின் உறுப்புகளாயின. இலாபம் உறுதி செய்யப்பட்ட இடத்திலே, கலத்தைச் சிக்கனமாக இயக்கும் அறிவுக்கு அவசரம் இருப்பதில்லை. போர்க்காலத்திற் பிளெக்ஹாமர் ஆலையில் அவுஷ்விற்ஸ் முகாமோடு இணைக்கப்பட்ட கிளைமுகாமின் யூதக் கைதிகள் அடிமைகளாக உழைத்து மடிந்தனர். தொழினுட்ப வரலாறுகள் பலவற்றில் அக்காலத்து ஆலைகள் அமுக்கத்தையும் ஊக்கியையும் கொண்டு மட்டுமே வருணிக்கப்படுகின்றன. எவருடைய உழைப்பால் அவை எழுந்தன என்பது அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. 1944 மே 12 அன்று அமெரிக்க விமானங்கள் லொய்னாவையும் வேறு சில எரிபொருள் ஆலைகளையும் தாக்கின. தொடர்ந்த குண்டுவீச்சுகளோடு அத்தொழில் சிதைந்தது.

போர் முடிந்ததும் நேசநாட்டு நிபுணர் குழுக்கள் ஜேர்மானிய ஆவணங்களைத் திரட்டி நுண்படங்களாக்கி எடுத்துச் சென்றன. அமெரிக்க அரசின் சுரங்கத் திணைக்களம் மிசூரி மாநிலத்தின் லூசியானா என்னும் ஊரிலே ஒரு மாதிரி ஆலையை 1949இல் இயக்கியது. 1953இல் அது மூடப்பட்டது. மத்திய கிழக்கின் எண்ணெய் மலிவாகக் கிடைக்கையில் இவ்வறிவை நாடுவோர் அருகினர்.

இக்காலத்து நிகழ்வொன்று எமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. பேர்சிவல் கீத் என்பவர் 1940களில் நிறுவிய ஐதரோகாபன் றிசேர்ச் நிறுவனம், ரெக்சாஸ் மாநிலத்து பிறவுண்ஸ்வில்லில் இயற்கை வாயுவிலிருந்து பெற்றோல் ஆக்கும் ஆலையை வடிவமைத்தது. வாயு ஓட்டத்தில் மிதக்கும் இரும்பு ஊக்கித் தூளே அதன் உயிர்நாடி. சிறு கலத்தில் நன்கு இயங்கிய முறை, 1950இல் பெருங்கலத்துக்கு வந்தபோது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஒடுங்கிய குழாயில் வாயுவும் தூளும் நெருங்கிக் கலக்கின்றன. அகன்ற கலத்திலோ வாயு பெருங்குமிழிகளாகத் திரண்டு தூளைத் தொடாமலே தப்பிச் செல்கிறது. அளவு மாறும்போது இயக்கத்தின் பண்பே மாறிவிடுகிறது என்னும் உண்மை, பெருந்தொகைப் பணத்தை விழுங்கிய பின்னரே உணரப்பட்டது.

அதே நிறுவனத்தினர்தாம் பின்னர் கொதிபடுக்கையை உருவாக்கினர் என்பது தற்செயலன்று. வாயுவை நம்பித் தோற்றவர்கள், துணிக்கைகளைத் தூக்கும் பொறுப்பைத் திரவத்திடம் ஒப்படைத்தனர் என்று நாம் கருதுகிறோம். எட்வின் ஜோஹான்சன் பெயரிலான ஆக்கவுரிமை 1961இல் வெளியாயிற்று. சிற்றீஸ் சேர்விஸ் நிறுவனத்தின் லேக் சாள்ஸ் சுத்திகரிப்பு நிலையத்தில் 1963இல் முதல் வணிகக் கலம் இயங்கியது. அத்தசாப்தத்தின் இறுதியில் குவைத்தின் சுவைபா நிலையத்திலும் அம்முறை இடம்பெற்றது. 1973இன் எண்ணெய் விலையேற்றம் மீண்டும் கனத்த எண்ணெயின்பால் முதலாளிகளின் கவனத்தைத் திருப்பியது.

ஆலைகள் இவ்வாறு செல்ல, பல்கலைக்கழகங்கள் வேறொரு பாதையிற் சென்றன. 1948இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து றிச்சேட் வில்ஹெல்மும் அவருடைய சீன மாணவரான குவோ மூசுனும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீரில் மிதக்கும் துணிக்கைகள் சீராகப் பரவி நிற்கின்றன. காற்றில் மிதப்பவையோ குமிழிகளும் திரள்களுமாகப் பிரிகின்றன என்னும் வேறுபாட்டை அவர்கள் வகுத்துக் காட்டினர். குவோ 1956இல் தாயகம் திரும்பி, தாதுப்பொருட் பதனிடலில் இவ்வறிவைப் பயன்படுத்துவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1954இல் றிச்சட்சனும் சாக்கியும் திரவத்தின் வேகத்துக்கும் படுக்கையின் விரிவுக்கும் உள்ள தொடர்பை எளிய அடுக்கு விதியாகத் தந்தனர். வேகம் கூடினாற் படுக்கை விரியும். எவ்வளவு விரியும் என்று கணிக்கவும் முடிந்தது.

அப்படியாயின், திரவத்தில் மிதக்கும் படுக்கையினுள் வாயுவையும் செலுத்தினால் என்ன நேரும்? மேலும் ஒரு பொருள் உட்புகுவதாற் படுக்கை இன்னும் விரியும் என்றே எவரும் கூறுவர். சிறு துணிக்கைகளாலான படுக்கைகளில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. வாயு புகுந்ததும் படுக்கை சுருங்கியது. 1960களின் ஆய்வுகூடங்களில் இது பெரும் புதிராக விளங்கியது. 1964இல் கேம்பிறிட்ஜில் ஸ்ருவேட், டேவிட்சன் ஆகியோரும், அடுத்த ஆண்டில் டென்மார்க்கின் ஒஸ்ரர்கார்ட்டும் முன்வைத்த விளக்கங்கள் ஒரே திசையில் அமைந்தன. நீரைக் கிழித்துச் செல்லும் படகின் பின்னே கலங்கிய நீர் இழுபட்டுச் செல்வதுபோல, மேலேறும் குமிழியின் பின்னேயும் திரவத்தின் ஒரு பகுதி ஒட்டிச் செல்கிறது. இவ்வாற்பகுதி குமிழியின் வேகத்திலேயே விரைந்து வெளியேறிவிடுகிறது. ஆகவே துணிக்கைகளைத் தூக்குவதற்கு எஞ்சும் திரவம் குறைகிறது, அதன் வேகம் தளர்கிறது, படுக்கை அமர்கிறது. பருமனான துணிக்கைகளாயின் அவை குமிழிகளைச் சிதைத்துவிடுவதால் இச்சுருக்கம் தோன்றுவதில்லை. 1974இல் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து பாட்டியாவும் நோர்மன் எப்ஸ்ரைனும் வாற்பகுதியினுள் துணிக்கைகளும் இருக்கலாம் என்பதையும் சேர்த்து இதனைப் பொதுக்கோட்பாடாக விரித்தனர்.

எண்ணிப் பார்க்கையில் இது அழகிய விளக்கம். குமிழி தூக்குவதில்லை, திருடுகிறது என்பதை அது நிறுவியது. ஆலையை இயக்குவோர்க்கு இதன் கருத்து வெளிப்படையானது: ஐதரசனைக் கூட்டினாற் படுக்கையின் மட்டம் தாழலாம். ஆயினும் இவ்விளக்கம் முழுவதும் கண்ணாடிக் குழாய், குழாய்நீர், காற்று, கண்ணாடி மணி ஆகிய நான்கின்மேல் எழுந்ததாகும். இவை மலிவானவை, ஆபத்தற்றவை, கண்ணாற் காணத்தக்கவை. ஒரு பட்டதாரி மாணவர் மூன்றாண்டுகளில் ஆய்வேட்டை முடிக்கத் தக்கவை. 200 மடங்கு அமுக்கத்தில், கொதிக்கும் தாருள் நடப்பதும் இதுவே என்று எவரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்க வழியுமில்லை. இயங்கும் கலத்தின் அளவீடுகள் நிறுவனங்களின் உடைமையாக இருந்தன. ஆக்கவுரிமைப் பத்திரம் கலத்தின் அமைப்பைக் கூறும். அக்கலம் ஒரு நாளில் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைக் கூறாது. பத்திரத்தின் நோக்கம் உரிமையை நிறுவுதலேயன்றி அறிவைப் பகிர்தலன்று. துறையின் உள்ளார்ந்த கடினத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒருபுறம் அளவீடும் மறுபுறம் விளக்கமும் வெவ்வேறு சுவர்களுக்குள் அடைபட்டிருந்தமை அக்கடினத்தைப் பெருக்கியது என்பதில் ஐயமில்லை.

சுவரில் ஒரு விரிசல் 1980களில் விழுந்தது. எக்சோன் நிறுவனம் நிலக்கரியைத் திரவமாக்கும் முறையொன்றை ரெக்சாஸின் பேற்றவுனில் சோதித்தது. அவ்வுயரமுக்கக் கலங்களில் அளந்தறிந்தவற்றை ரார்மியும் அவருடன் பணியாற்றியோரும் 1984இல் வெளியிட்டனர். சாதாரண அமுக்கச் சமன்பாடுகள் கூறியதைவிட மிகக் கூடுதலான வாயு கலத்தினுள் தங்கியிருந்தது. அமுக்கம் கூடும்போது வாயுவின் அடர்த்தி கூடுகிறது. பெருங்குமிழிகள் நிலைக்காது உடைகின்றன. எண்ணெயிலுள்ள பல்வகைச் சேர்வைகள் குமிழியின் மேற்பரப்பிற் படிந்து, அவை ஒன்றோடொன்று இணைவதைத் தடுக்கின்றன. ஆகவே உள்ளே இருப்பது தெளிந்த நீரிலேறும் பெருங்குமிழிகளல்ல. நுரையை ஒத்த நுண்குமிழித் திரள். பெருங்குமிழியின் வாலைக் கொண்டு எழுப்பிய கோட்பாடு, வாலென்று சொல்லத்தக்கதெதுவும் அரிதாகிப்போன இடத்தில் நின்று தடுமாறியது.

நுண்குமிழி மிகுதல் நன்மைதானே, வாயுவும் திரவமும் நன்றாகக் கலக்குமே என்று வாசகர் கேட்கலாம். ஓரளவுக்கு அது சரியே. ஆனால் கனத்த மூலக்கூறுகள் உடைவது பெரும்பாலும் திரவத்தினுள் வெப்பத்தால் நிகழ்கிறது. வாயு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் திரவத்துக்கான இடம் குறைகிறது. கோடிக்கணக்கில் முதலிட்டுக் கட்டிய உருக்குக் கலத்தின் கணிசமான பங்கு வெறும் வாயுவைத் தாங்கி நிற்கிறது. சிங்குறூட் நிறுவனம் 1988இல் அதபாஸ்காப் பிரதேசத்தில் இயக்கத் தொடங்கிய கொதிபடுக்கைக் கலத்தில் இவ்விடர் கூர்மை பெற்றது. மேலுள்ள கிண்ணம் திரவத்தை வாங்கும்போது நுண்குமிழிகளையும் சேர்த்தே வாங்கியது. அவை பம்பி வழியாக மீண்டும் அடிக்கு வந்தன. உள்ளே வாயு மேலும் பெருகியது.

அந்நிறுவனப் பொறியியலாளரும் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஜோன் கிறேசைச் சார்ந்த ஆய்வாளரும் இணைந்து இதனை ஆராய்ந்தனர். உண்மைக் கலத்தைத் திறக்க முடியாது. ஆகவே அடர்த்தி விகிதம், பிசுக்குமை, பரப்பிழுவிசை, வேகம் ஆகியவற்றாலான ஐந்து பரிமாணமற்ற எண்களை உண்மைக் கலத்துக்குச் சமமாக வைத்து, குளிர்ந்த மாதிரிக் கலமொன்றை அமைத்தால் இயக்கமும் ஒத்துவரும் என்னும் முறையை 1999இல் அவர்கள் முன்வைத்தனர். 2001இல் மாக்கியும் பிறரும் இம்முறையையே பரிசோதித்தனர். ஐந்து எண்களும் சமமாயிருந்த இரு திரவங்களில், ஒன்று தூய தனித்திரவம், மற்றது கலவை. இரண்டிலும் தங்கிய வாயுவின் அளவு வேறுபட்டது. குமிழிகள் இணையுமா இணையாவா என்பதைத் தீர்மானிக்கும் மேற்பரப்பு இரசாயனம் அவ்வைந்து எண்களுள் அடங்கவில்லை. தமது முறையின் குறையைத் தாமே வெளியிட்ட இந்நேர்மை, வெற்றிகளை மட்டுமே அச்சேற்றும் இன்றைய ஆய்வுலகிற் குறிப்பிடத்தக்கது. இக்கூட்டு ஆய்வுகளின் துணையோடு கிண்ணத்தின் வடிவம் திருத்தப்பட்டது. நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003இல் அவ்வனுபவத்தை ஆய்விதழொன்றில் வெளியிட்டன. லொய்னாவுக்கும் இதற்கும் இடையே 76 ஆண்டுகள்.

அறிவு திறக்கப்பட்டமைக்குத் தொழில் தேவையே காரணம் என்று இதனை முடித்துவிட முடியாது. லொய்னாவுக்கும் தேவை இருந்தது. வேறுபாடு யாதெனில், சிங்குறூட்டின் இடர் பணத்தாலோ பலவந்தத்தாலோ மறைக்க இயலாத எல்லையை எட்டியபோது, நீர்க்குழாயோடு நாற்பது ஆண்டுகள் பழகிய ஆய்வு மரபொன்று அதே நாட்டில் உயிரோடிருந்தது. பயனற்றதென ஆலைக்காரர் கருதியிருக்கக்கூடிய அம்மரபு இல்லையெனில், எதை அளப்பது என்பதே தெரிந்திராது. இவ்வாய்வின் பயன் எவருக்குச் சென்றது என்பது வேறு வினா. ஆற்றோரத்திலே தலைமுறை தலைமுறையாக வாழும் கிறீ, டெனே மக்களுக்கு அதன் பங்காகக் கிடைத்தவற்றுள் கழிவுநீர்த் தேக்கங்களும் அடங்கும். சேர்க்கப்படும் ஐதரசனும் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே பெறப்படுவதால், எண்ணெயை இலேசாக்கும் ஒவ்வொரு படியிலும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது.

அண்மைக்காலப் போக்கு பேர்கியசின் சேற்று அவத்தைக்கே திரும்பியுள்ளது. இத்தாலியின் எனி நிறுவனம் சன்னசாறோவில் 2013இல் இயக்கத் தொடங்கிய ஆலையில், எண்ணெயிற் கரையும் மொலித்தனச் சேர்வையொன்று கலத்தினுள்ளேயே மிக நுண்ணிய சல்பைட்டுத் துணிக்கைகளாக மாறுகிறது. அவை திரவத்தோடு திரவமாகச் செல்வதாற் படுக்கையின் மட்டம் பற்றிய கவலை அங்கில்லை. 2016 டிசம்பர் 1 அன்று அவ்வாலையில் மூண்ட பெருந்தீ அதனை முடக்கிப் போட்டது. பின்னர் அது திருத்தி அமைக்கப்பட்டது. ஊக்கி எவ்வளவு நுண்மையாயினும், அக்கலங்களினுள்ளும் ஐதரசன் குமிழியாகவே ஏறுகிறது. அக்குமிழிகள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்பது அங்கும் கணிப்புக்குரிய விடயமாகவே உள்ளது.